ஜிபிஎஸ் கடிகாரம் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் கேபிள், மேசையில் ஜிபிஎஸ் ரிசீவர், அதன் நொடித் துடிப்பைப் (பிபிஎஸ்) பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஓசிஎக்ஸ்ஓ (சின்னச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்த கிரிஸ்டல் ஆஸிலேட்டர்), அதிலிருந்து வெளிவரும் 10 மெகாஹெர்ட்ஸ் அலை. இதெல்லாம் சேர்ந்ததுதான் ஜிபிஎஸ்டிஓ, அதாவது ஜிபிஎஸ் பார்த்துத் திருத்தும் ஆஸிலேட்டர். உங்களுடையது தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து கழித்துக்கட்டிய ட்ரிம்பிள் தண்டர்போல்ட்டாக இருக்கலாம், யூப்ளாக்ஸ் மாட்யூலை வைத்து நீங்களே கட்டியதாக இருக்கலாம், சீனாவிலிருந்து வந்த சின்னப் பெட்டியாகவும் இருக்கலாம். வருகிற கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான்.

பழுதென்று கைக்கு வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் "ஆஸிலேட்டர் போயிடுச்சு" என்ற தீர்ப்போடுதான் வருகின்றன. மாடிக்குப் போய்ப் பார்த்தால் கனெக்டரில் தண்ணீர். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பர்ஸைத் திறக்கவேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், எவ்வளவு பழையதானாலும் ஓர் ஆஸிலோஸ்கோப், ரிசீவரோடு பேசும் மென்பொருள் (தண்டர்போல்ட்டுக்கு லேடி ஹெதர், யூப்ளாக்ஸுக்கு யூ-சென்டர்), ஒரு நோட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிய நேரத்தை எழுதி வையுங்கள். இந்தத் துறையில் ஒரு மாற்றத்தின் விளைவு தெரிய ஒரு நாள் முழுக்க ஆகலாம். அதற்குள் மூன்று இடத்தில் கை வைத்துவிட்டால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

## ஒரு சாட்டிலைட்டும் தெரியவில்லை

முதலில் நேரம் கொடுங்கள். பல மாதம் அணைந்து கிடந்த பழைய ரிசீவருக்கு வானம் முழுதும் மறந்துபோயிருக்கும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆன்டெனா ஜன்னலோரத்தில் இருக்கிறது என்றால் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். அங்கே தெரிந்தால் உங்களுக்குக் கோளாறே இல்லை, இடம்தான் சரியில்லை.

மாடியிலும் தெரியவில்லையா? ரிசீவரின் ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து கேபிளைக் கழற்றி, நடு முள்ளுக்கும் வெளி உறைக்கும் இடையே டிசி வோல்ட்டைப் பாருங்கள். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு இந்த வழியாகத்தான் சாப்பாடு போகிறது. 3.3 அல்லது 5 வோல்ட் இருக்க வேண்டும்.

கேபிள் கழற்றிய நிலையிலும் 0 வோல்ட். ரிசீவர் அமைப்புகளில் ஆன்டெனா மின்சாரம் அணைக்கப்பட்டிருக்கிறதா, போர்டில் ஜம்பர் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஷார்ட் பாதுகாப்பு விழுந்திருந்தால் எழுந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால், சாக்கெட்டுக்குப் பக்கத்தில் கடுகளவில் இருக்கும் காயிலோ ரெசிஸ்டரோ கருகியிருக்கும். யாரோ எப்போதோ கேபிளை ஷார்ட் செய்ததன் மிச்சம் அது. வீட்டுச் சூட்டுக்கோலால் அதைத் தொட வேண்டாம். மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏரும் வைத்திருக்கும் நல்ல செல்போன் சர்வீஸ் கடையில் கொடுங்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை.

கழற்றினால் வோல்ட் வருகிறது, கேபிளைச் சொருகினால் விழுகிறது. எங்கோ ஷார்ட். மாடியில் ஆன்டெனாவை மட்டும் கழற்றுங்கள். வோல்ட் திரும்பி வந்தால் ஆன்டெனா ஷார்ட். வராவிட்டால் கேபிள் அல்லது கனெக்டர். பெரும்பாலும் வெளி வலையின் ஒரு கம்பி இழை உள்ளே நுழைந்து நடு முள்ளைத் தொட்டுக்கொண்டிருக்கும். கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

மாடி முனை வரை வோல்ட் சரியாக வருகிறது, ஆனாலும் சாட்டிலைட் இல்லை. இப்போது மின்னோட்டத்தைப் பாருங்கள். மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து வரிசையில் சேர்த்தால், சாதாரண ஆன்டெனா 5 முதல் 30 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். எதுவுமே இழுக்கவில்லை என்றால் ஆன்டெனா செத்துவிட்டது. ஒழுங்காக இழுத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு ஆன்டெனாவை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். இரவல் ஆன்டெனாவின் லேபிளில் 3.3 வோல்ட் மட்டும் என்று இருந்து உங்கள் ரிசீவர் 5 வோல்ட் கொடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது சங்கடப்படுவீர்கள். லேபிளைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

நடுவில் ஸ்ப்ளிட்டர் வைத்திருக்கிறீர்களா? கேபிள் டிவிக்கான ஸ்ப்ளிட்டர்கள் 1000 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பலவற்றில் டிசியும் போகாது. ஜிபிஎஸ் இருப்பது 1575.42 மெகாஹெர்ட்ஸில். டிஷ்ஷுக்கான ஸ்ப்ளிட்டர் 2000க்கு மேலும் போகும். அதிலும் டிசி எந்த வாய் வழியாகப் போகிறது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள்.

## சாட்டிலைட் தெரிகிறது, ஆனால் சிக்னல் சோர்ந்திருக்கிறது

திரையில் ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் ஓர் எண் இருக்கும், டெசிபல்-ஹெர்ட்ஸில். திறந்த மாடியில் உயரத்தில் இருக்கும் சாட்டிலைட்டுகள் 40க்கு மேல், சில 50ஐத் தொடும். எல்லாமே 35க்குக் கீழே என்றால் ஏதோ சரியில்லை. இங்கே நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சோர்வு எந்த வகை என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

எல்லாத் திசையிலும் எல்லாச் சாட்டிலைட்டும் ஒரே அளவு சோர்வு. கேபிளைப் பாருங்கள். ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு முக்கால் டெசிபல் அளவுக்குத் தின்னும். 30 மீட்டர் இழுத்தால் 20 டெசிபலுக்கு மேல் காலி. ஆன்டெனாவின் பெருக்கமே 28 டெசிபல்தான் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? அதே 30 மீட்டருக்கு டிஷ் டிவி ஆட்கள் போடும் ஆர்ஜி-6 சுமார் 8 டெசிபல்தான் எடுக்கும். "அது 75 ஓம் ஆச்சே, நமக்கு 50 ஓம் வேணுமே" என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பொருத்தமின்மையால் இழப்பது கால் டெசிபலுக்கும் குறைவு. நான் தயங்காமல் ஆர்ஜி-6 போடச் சொல்வேன். மீட்டர் விலையும் குறைவு, கனெக்டரை அழுத்திப் போடும் கருவியும் டிஷ் மாட்ட வருகிறவரிடம் இருக்கும்.

முன்பு நன்றாக இருந்தது, மழைக்குப் பிறகு சோர்ந்தது. நான் பார்த்த வரை இதுதான் முதலிடம். ஆன்டெனாவின் அடியில் இருக்கும் கனெக்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடு முள் பளபளவென்று இருக்க வேண்டும். அது பச்சை பூத்திருந்தாலோ, உறையை உரித்ததும் பின்னல் வலை செம்பு நிறமோ வெள்ளி நிறமோ இல்லாமல் கறுத்துப் பொடியாக உதிர்ந்தாலோ, தண்ணீர் கேபிளுக்குள் இறங்கிவிட்டது. கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. கேபிளை ஒரு சாண் வெட்டி மறுபடி உரித்துப் பாருங்கள். இன்னும் கறுப்பு என்றால் இன்னொரு சாண். பளிச்சென்ற உலோகம் வரும் வரை வெட்டுங்கள். இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்பு போகவில்லை என்றால் முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் மெனக்கெடுவது வீண்.

புதிய இணைப்பின் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றாதீர்கள். நம் வெயிலில் பசை இளகி, அடுத்த மழைக்குள் அதுவே தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பையாகிவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அதன் மேல் வெயிலுக்காக இன்சுலேஷன் டேப். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் விடுங்கள், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

ஒரு திசையில் மட்டும் சாட்டிலைட் இல்லை. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டு இரும்புத் தகட்டுக் கூரை. ஆன்டெனாவை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்துங்கள். ஆனால் வெறுமையாக இருப்பது நேர் வடக்கு என்றால் நில்லுங்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளின் பாதை நடுக்கோட்டுக்கு 55 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் நேர் வடக்கில் தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரம் வரை ஜிபிஎஸ் சாட்டிலைட் வருவதே இல்லை. அந்த ஓட்டை எல்லோருடைய வரைபடத்திலும் இருக்கும். ஆன்டெனாவைத் தொட்டிக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்கிறவர்கள் தொட்டி தங்களுக்கு வடக்கில் இருக்குமாறு வைத்துக்கொள்ளலாம்.

சில நேரம் மட்டும், ஒழுங்கில்லாமல் சோர்கிறது. குறுக்கீடு. வீட்டு மெயினை அணைத்து, ரிசீவரை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சரியானால் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடியுங்கள். எல்இடி விளக்கின் டிரைவர், மலிவான சார்ஜர், டிவி பூஸ்டர், இவர்கள்தான் வழக்கமான ஆட்கள். டிவி பூஸ்டரை அலட்சியம் செய்யாதீர்கள். 2001இல் கலிஃபோர்னியாவின் மாஸ் லாண்டிங் துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போனதற்குக் காரணம், பூஸ்டர் வைத்த சில டிவி ஆன்டெனாக்கள் தாமாகவே ஊளையிட்டு அலைபரப்பியதுதான். வீட்டு மெயினை அணைத்தும் தொல்லை தொடர்ந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டாரிடம் நல்ல விதமாகப் பேசிப் பாருங்கள். தீரவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் எழுதலாம். அதற்கு உங்கள் நோட்டில் தேதியும் நேரமும் இருந்தால் உதவும்.

இரவு எட்டு மணிக்கு மேல், அதுவும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில். பெட்டியைத் திறக்காதீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கு முனையை ஒட்டி, திருநெல்வேலி வட்டாரத்துக்கு அருகே செல்கிறது. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலம் இந்தப் பட்டையில் கொந்தளிக்கும். சிக்னல் சில நொடிக்குள் ஏறி இறங்கும், சில சாட்டிலைட்டுகள் அறுந்தே போகும். நள்ளிரவுக்குப் பிறகு தானாக அடங்கும். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது அதிகம். ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதும் வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, அவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நாம் செய்யக்கூடியது, ரிசீவர் அனுமதித்தால் ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாட்டுச் சாட்டிலைட்டுகளையும் சேர்த்துக்கொள்வது. மற்றபடி அந்த நேரத்துப் பதிவுகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது.

## லாக் ஆகிறது, பிறகு விட்டுவிடுகிறது

லாக் என்றால் ஓசிஎக்ஸ்ஓ ஜிபிஎஸ் துடிப்போடு ஒட்டி ஓடுவது. சிக்னல் நன்றாக இருக்கிறது என்று மேலே உறுதி செய்த பிறகே இங்கே வாருங்கள்.

ஆன்டெனாவைச் சமீபத்தில் நகர்த்தினீர்களா? டைமிங் ரிசீவர்கள் முதலில் தாம் இருக்கும் இடத்தை அளந்து மனப்பாடம் செய்துகொள்ளும், பிறகு நேரத்தை மட்டும் கணக்கிடும். தண்டர்போல்ட் இதற்கு 2000 அளவீடுகள் எடுக்கும். ஆன்டெனாவை மாற்றி வைத்துவிட்டுப் பழைய இடத்தையே நம்பச் சொன்னால் சாட்டிலைட்டுகள் ஒன்றுக்கொன்று முரண்படும், ரிசீவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவைக்கும், கடைசியில் லாக்கை விடும். மறுபடி இடத்தை அளக்கச் சொல்லுங்கள், சேமித்துவையுங்கள். செலவு பூஜ்யம்.

அடுத்தது பவர் சப்ளை. ஓசிஎக்ஸ்ஓ சூடேறும்போது இழுக்கும் மின்னோட்டம், சூடான பிறகு இழுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சின்ன அடாப்டர் அந்த நேரத்தில் மூச்சுத் திணறி, வோல்ட் விழுந்து, போர்டு ரீசெட் ஆகும். குளிர்ந்த நிலையில் போட்டு முதல் ஐந்து நிமிடம் வோல்ட்டைப் பாருங்கள், மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் 11க்குக் கீழே இறங்கினால் பெரிய சப்ளை போடுங்கள்.

பல மாதம் அணைந்திருந்த ஓசிஎக்ஸ்ஓவா? கூரியரில் குலுங்கி வந்ததா? கிரிஸ்டல் பழைய நிலைக்குத் திரும்ப நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள். அதுவரை அடிக்கடி லாக் விடுவது இயல்பு. ஒரு வாரம் அணைக்காமல் ஓட விட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். நம் ஊரில் மின்வெட்டு உள்ள பகுதி என்றால் சின்ன 12 வோல்ட் பேட்டரி பேக்கப் போடுவது, புது ஆஸிலேட்டர் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

இவையெல்லாம் சரி, அப்புறமும் விடுகிறது என்றால் திருத்த வோல்ட்டைப் பாருங்கள். அதற்குத் தனியாகவே கீழே எழுதியிருக்கிறேன்.

## திருத்த வோல்ட் ஓர் ஓரத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது

ரிசீவர் ஆஸிலேட்டரை ஒரு வோல்ட் கொடுத்து மேலும் கீழும் இழுக்கிறது. பல பெட்டிகளில் 0 முதல் 5 வரை. தண்டர்போல்ட்டில் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. கிரிஸ்டலுக்கு வயதாக ஆக இந்த வோல்ட் மெதுவாக ஒரு பக்கம் நகரும். மாதம் ஒருமுறை நோட்டில் எழுதி வையுங்கள். நகர்வு வர வர மெதுவானால் கவலை இல்லை. அதே வேகத்தில் போய் ஓரத்தை நெருங்கினால், ஓரம் தொட்ட நாளில் லாக் போய்விடும், திரும்ப வராது.

முதலில் அறைச் சூட்டைப் பாருங்கள். பெட்டிக்குள் காற்றே இல்லாமல் மே மாதத்தில் அடைத்து வைத்திருந்தால் உள்ளே இருக்கும் சூட்டுப் பெட்டியால் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். அது இல்லை என்றால் ஓசிஎக்ஸ்ஓவின் உச்சியில் ஒரு சின்ன மரை இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் லேபிளுக்கு அடியில் மறைந்திருக்கும். அதைக் கடுகளவு திருப்பிவிட்டு மூடி, சில மணி நேரம் காத்திருங்கள். திருத்த வோல்ட் நடுவுக்குத் திரும்பும் வரை இப்படியே. அவசரப்பட்டு அரைச் சுற்று திருப்பினால் திருத்தும் எல்லையையே தாண்டிவிடும், பிறகு லாக் பிடிக்க நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும்.

மரை இல்லாத, சீல் வைத்த ஓசிஎக்ஸ்ஓ என்றால் மாற்றத்தான் வேண்டும். அதைத் திறந்து பழுதுபார்ப்பதாகச் சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். அதே வோல்ட், அதே திருத்த எல்லை, அதே கால் அமைப்பு உள்ளதைத் தேடுங்கள். கழித்துக்கட்டிய பொருளிலிருந்து எடுத்தது என்றால் இரண்டாக வாங்கி, ஒரு மாதம் அணைக்காமல் ஓட விட்டு, நல்லதை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

## தேதியோ நொடியோ தப்பாக வருகிறது

எவ்வளவு தப்பு என்பதே இங்கே காரணத்தைச் சொல்லிவிடும்.

கிட்டத்தட்ட 19.6 ஆண்டு பின்னால். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. அடுத்தது 2038 நவம்பரில். ரிசீவரின் மென்பொருளைப் பொறுத்து ஒவ்வொரு மாடலும் வேறு வேறு நாளில் குழம்பும், தண்டர்போல்ட் 2017 ஜூலையில் குழம்பியது. 10 மெகாஹெர்ட்ஸுக்கும் பிபிஎஸ்ஸுக்கும் இதனால் ஒரு கேடும் இல்லை. லேடி ஹெதரே தேதியைத் திருத்திக் காட்டும். இதற்காகப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தக் காரணத்தால் யாராவது மலிவாக விற்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியாக 18 நொடி முன்னால். ரிசீவர் யூடிசிக்குப் (உலகப் பொது நேரம்) பதில் ஜிபிஎஸ் நேரத்தைக் காட்டுகிறது. 2017 ஜனவரி 1 முதல் இந்த வித்தியாசம் 18 நொடி. அமைப்பில் மாற்றினால் போதும்.

இரண்டு மூன்று நொடி தப்பு, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறது. பழைய மாட்யூல் தன் நினைவில் இருக்கும் பழைய லீப் நொடிக் (யூடிசியில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் நொடி) கணக்கோடு தொடங்குகிறது. சாட்டிலைட் செய்தி முழுதாக ஒரு சுற்று வர 12.5 நிமிடம் ஆகும், அதற்குப் பிறகுதான் திருத்திக்கொள்ளும். கால் மணி நேரம் கழிந்தும் மாறாவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள்.

சரியாக ஒரு நொடி தப்பு. பிபிஎஸ் துடிப்புக்கு எந்த நொடி என்று தெரியாது. சீரியல் வழி வரும் வரிதான் அதைச் சொல்கிறது. அந்த வரி தாமதமாக வந்தால் மென்பொருள் பக்கத்து நொடியோடு சேர்த்துவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் குரோனி என்ற நேரம் திருத்தும் மென்பொருளை ஓட்டுகிறவர்கள் அந்த வரியின் தாமதத்தை அளந்து அமைப்பில் கொடுங்கள், அரை நொடிக்குள் கொண்டுவந்தால் போதும். வேகம் 9600 என்றால் 38400 ஆக்குங்கள், தேவையில்லாத வரிகளை நிறுத்துங்கள்.

சரியாக 100 மில்லிநொடி தப்பு. இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வரும், அவ்வளவு சுலபம். யூப்ளாக்ஸ் துடிப்பு இயல்பாக 100 மில்லிநொடி அகலம். நொடி தொடங்குவது ஏறும் விளிம்பில். உங்கள் கணினி இறங்கும் விளிம்பைப் பிடிக்கிறது. நடுவில் தலைகீழாக்கும் ஐசி ஏதாவது போட்டிருப்பீர்கள். ஸ்கோப்பில் பாருங்கள், துடிப்பு மேலே இருக்கும் நேரம் 100 மில்லிநொடியா 900 மில்லிநொடியா என்று தெரிந்துவிடும். விளிம்பை மாற்றுங்கள், முடிந்தது.

ஒரு மில்லிநொடி அளவில் அலைபாய்கிறது. பிபிஎஸ்ஸை யூஎஸ்பி வழியாகக் கொடுக்கிறீர்கள். ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ முள்ளுக்கு நேரடியாகக் கொடுங்கள். 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் ராஸ்பெர்ரி பை கெட்டுவிடும்.

## இரண்டு கடிகாரத்துக்கும் நடுவே மாறாத வித்தியாசம்

கோளாறு இல்லை. கேபிளுக்குள் சிக்னல் வர நேரம் ஆகிறது: ஆர்ஜி-58இல் மீட்டருக்கு 5 நானோநொடி, ஆர்ஜி-6இல் சுமார் 4. 30 மீட்டர் ஆர்ஜி-6க்கு 120 நானோநொடி. அதை ரிசீவரின் கேபிள் தாமத அமைப்பில் எழுதுங்கள்.

## தினமும் ஒரே மாதிரி அலை வருகிறது

இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டு வரைபடம் போட்டால், நாளுக்கு ஒருமுறை ஒரு மேடு. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், பொறுமை வேண்டும். இன்று மேடு எத்தனை மணிக்கு என்று குறியுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி குறியுங்கள்.

ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. எதிரொலி. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் தினமும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக அதே பாதைக்குத் திரும்புகின்றன. பதினைந்து நாளில் ஒரு மணி நேரம். மேடும் அவற்றோடு நகர்கிறது என்றால், குறிப்பிட்ட சாட்டிலைட் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது ஏதோ ஒரு சுவரிலோ தகட்டிலோ பட்டுத் தெறித்து வருகிறது. ஆன்டெனாவை நகர்த்துங்கள், உயர்த்துங்கள். அது முடியாவிட்டால் தொடுவானத்திலிருந்து 15, 20 டிகிரிக்குக் கீழே உள்ள சாட்டிலைட்டுகளைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

அதே நேரம், பிற்பகல் இரண்டு மணிக்குப் பக்கத்தில். அயனி மண்டலம் அந்த நேரத்தில்தான் தடித்திருக்கும், நம் பக்கம் இன்னும் அதிகம். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் தாமதம் 50 நானோநொடியைத் தாண்டும். ஒற்றை அலைவரிசை ரிசீவர் தன் கணக்கால் அதில் ஏறத்தாழ பாதியைத்தான் கழிக்கும். ஒரே ஆன்டெனாவில் இரண்டு ரிசீவர் போட்டு ஒப்பிட்டால் இது இரண்டிலும் சேர்ந்தே வருவதால் கண்ணில் படாது. ருபீடியம் அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் தெரியும். உண்மையான மருந்து இரட்டை அலைவரிசை ரிசீவரும் அதற்கான ஆன்டெனாவும். விலை கடிக்கும். வீட்டில் ஃப்ரீக்வென்சி கவுண்டரைச் சரிபார்க்க மட்டும் வைத்திருக்கிறவருக்கு அது தேவையே இல்லை.

அதே நேரம், ஆனால் ஏசி போடும்போதோ வெயில் மேசையில் விழும்போதோ. சூடு. பெட்டியை ஜன்னலிலிருந்தும் மின்விசிறிக் காற்றிலிருந்தும் நகர்த்துங்கள், அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி ஒரு நாள் பாருங்கள் (காற்றுப் போக இடம் விட்டு). மேடு பாதியாகக் குறைந்தால் காரணம் உறுதி. பிறகு திருத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாருங்கள். தண்டர்போல்ட்டில் இயல்பாக 100 நொடி இருக்கும். நல்ல ஓசிஎக்ஸ்ஓவுக்கு அதை 500 வரை ஏற்றலாம். சூடு ஏறி இறங்கும் அறையில் அவ்வளவு ஏற்றினால் திருத்தம் பின்தங்கிவிடும், குறைத்துக்கொள்ளுங்கள்.

## பிபிஎஸ் நடுங்குகிறது

யூப்ளாக்ஸ் 6 வரிசை தன் உள் கடிகாரத்தின் படிகளில்தான் துடிப்பை வைக்க முடியும், ஒரு படி 21 நானோநொடி. அதனால் ரம்பப் பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும், அது இயல்பு. டைமிங் மாடல்கள் (டி என்று முடிபவை) அடுத்த துடிப்பு எவ்வளவு தப்பும் என்று முன்கூட்டியே சொல்லும், அதை மென்பொருளில் கழித்துக்கொள்ளலாம். சாதாரண நியோ-6எம்மை வாங்கிவிட்டு ஒற்றை இலக்க நானோநொடி கேட்பது நியாயமில்லை.

நடுக்கம் நூற்றுக்கணக்கான நானோநொடி என்றால் சிக்னல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். கவுண்டர் நொடிக்கு இரண்டு துடிப்பு எண்ணுகிறது என்றால் கேபிளின் மறுமுனையில் எதிரொலிக்கிறது. 50 ஓம் முடிப்பு போடுங்கள். மலிவு மாட்யூலின் கால் அந்தச் சுமையைத் தாங்காமல் துடிப்பு படுத்துவிடும், நடுவில் 74ஏசி வரிசை பஃபர் ஒன்று வையுங்கள்.

## 10 மெகாஹெர்ட்ஸ் உண்மையிலேயே சரியா?

கவுண்டர் இல்லாமல் பார்க்கலாம். நண்பரின் ஜிபிஎஸ்டிஓவை இரவல் வாங்குங்கள். அதன் அலையில் ஸ்கோப்பை ட்ரிக்கர் செய்து, உங்கள் அலையை மற்ற சேனலில் வையுங்கள். ஒரு முழு அலை 100 நானோநொடி. உங்கள் அலை முழுதாக ஓர் அலை தூரம் நகர 100 நொடி எடுத்தால் நூறு கோடியில் ஒரு பங்கு பிழை. 1000 நொடி எடுத்தால் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நல்ல ஜோடி என்றால் கொஞ்சம் முன்னே போய்க் கொஞ்சம் பின்னே வரும், ஒரே பக்கம் ஓடாது. ஓடினால் ஒன்று லாக்கில் இல்லை. அது எது என்று காண மூன்றாவது ஒன்று வேண்டும்.

அலை ஓடவில்லை, ஆனால் கோடு தடித்து மங்கலாக இருக்கிறது என்றால் சப்ளை இரைச்சல். சுவிட்சிங் அடாப்டரை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை போடுங்கள். ஆன்டெனா கம்பத்துக்கும் கணினிக்கும் வேறு வேறு எர்த் இருந்தாலும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் நுழையும். எர்த்தில் கை வைப்பது எலக்ட்ரீஷியன் வேலை. அவரை அழைக்கும்போதே கம்பத்தையும் மின்னல் தடுப்பானையும் வீட்டு எர்த்தோடு சேர்த்து இணைக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டி மாட்டும் வேலையையும் ஏணி, பெல்ட் வைத்திருக்கிறவரிடமே விடுங்கள்.

அளவுக்குச் சான்றிதழ் யாராவது கேட்டால், உதாரணமாக உங்கள் கவுண்டரில் அளந்து ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், வீட்டு ஒப்பீடு செல்லாது. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்திய நேரத்தைப் பராமரிப்பது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே வரை போகும் சங்கிலியைத்தான் அந்தத் தாளில் எழுதுவார்கள்.

## திடீரென்று ஒரு தாவல், பிறகு எல்லாம் ஒழுங்கு

பவர் போய் வந்ததா என்று முதலில் பாருங்கள், பிறகு ஆன்டெனாவில் காகம் உட்கார்ந்து கனெக்டரை ஆட்டுகிறதா என்று. இரண்டும் இல்லை, தாவல் மைக்ரோநொடிக் கணக்கில் இருக்கிறது என்றால், மற்ற ஊர் நண்பர்களுக்கும் அதே நேரத்தில் வந்ததா என்று கேளுங்கள். 2016 ஜனவரி 26 அன்று, நம் குடியரசு நாளில், எஸ்விஎன்-23 என்ற பழைய சாட்டிலைட்டை ஓய்வுபெறச் செய்தபோது யூடிசி திருத்தம் தவறாக ஒலிபரப்பாகி, உலகம் முழுக்கப் பல ரிசீவர்கள் சுமார் 13 மைக்ரோநொடி தாவின. ஜிபிஎஸ் நேரத்தோடு பிபிஎஸ்ஸை இணைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் மட்டும் போதும் என்றால் பிபிஎஸ்ஸை யூடிசிக்குப் பதில் ஜிபிஎஸ் நேரத்துக்கு வைத்துவிடுங்கள். கணினிக்கு நேரம் கொடுக்கும் பெட்டியில் மட்டும் யூடிசி இருக்கட்டும்.